கம்பி தெளிவா தெரிஞ்சா மட்டும் போதாது: ஸ்கோப் ஐபீஸை நம்ம கண்ணுக்கு செட் பண்றது

கொஞ்ச நாள் முன்னாடி கோயம்புத்தூர் பக்கம் நாங்க பிராக்டிஸ் பண்ற இடத்துல ஸ்கோப் (குறி பாக்க துப்பாக்கி மேல மாட்டுற குட்டி டெலஸ்கோப்) மாட்டின ஒரே ஏர் ரைஃபிளை ரெண்டு பேர் மாத்தி மாத்தி சுட்டுட்டு இருந்தாங்க. ஒருத்தன் காலேஜ் செகண்ட் இயர் படிக்கிற பையன், கண்ணாடி கிடையாது, நல்ல கண்ணு. இன்னொருத்தர் அம்பத்தஞ்சு வயசு அண்ணா, தூரத்துக்கு கண்ணாடி போட்டிருக்கார். பையன் சுட்டு முடிச்சு ரைஃபிளை கொடுத்தான், அண்ணா கன்னத்தை வெச்சு ஸ்கோப்புக்குள்ள தெரியுற குறிக் கம்பியை பாத்துட்டு உடனே தலையை எடுத்துட்டார். "ஏந்தம்பி, கம்பியெல்லாம் பூசுன மாதிரி மங்கலா கெடக்குது, இதுலயா இவ்ளோ நேரம் சுட்ட?" பையன் திரும்ப வாங்கி பாத்தான். "இல்லீங்ணா, எனக்கு பிளேடு மாதிரி ஷார்ப்பா தெரியுதுங்ணா". அப்புறம் அரை மணி நேரம் ஸ்கோப் கெட்டுப்போச்சா, அண்ணாவோட கண்ணாடி பவர் மாறிடுச்சான்னு பேச்சு ஓடுச்சு. கடைசியில பாத்தா ஸ்கோப்பும் நல்லா இருக்கு, கண்ணாடியும் சரியான பவர்தான். பின்னாடி கண்ணுகிட்ட இருக்கிற லென்ஸோட, அதாவது ஐபீஸோட வளையம் உள்பக்கமா ரொம்ப தள்ளி திருகியிருந்தது, அவ்ளோதான். இதுல நான் சொல்ல வர்ற விஷயம் என்னன்னா, அன்னைக்கு உண்மையை சொன்னது அந்த அம்பத்தஞ்சு வயசு கண்ணுதான், இருபது வயசு கண்ணு பொய் சொல்லிச்சு.

ஏன் அப்படின்னு புரிஞ்சுக்க ஸ்கோப்புக்குள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பாக்கணும். ஸ்கோப்போட முன்னாடி இருக்கிற பெரிய லென்ஸ், தூரத்துல இருக்கிற டார்கெட்டோட ஒரு குட்டி பிம்பத்தை குழாய்க்குள்ள ஒரு இடத்துல விழ வைக்குது. அது தலைகீழா விழும், நடுவுல இருக்கிற இன்னொரு செட் லென்ஸ் அதை நேராக்குது. அந்த பிம்பம் விழுற இடத்துலயே மெல்லிசா ஒரு கம்பியோ இல்ல கோடு செதுக்கின ஒரு கண்ணாடி வட்டமோ வெச்சிருப்பாங்க, அதுதான் ரெட்டிகிள், நாங்க பேச்சுல கம்பின்னோ கிராஸ்னோதான் சொல்லுவோம். பின்னாடி நம்ம கண்ணுகிட்ட இருக்கிற ஐபீஸ் என்ன பண்ணுதுன்னா, அது வெறும் பூதக்கண்ணாடி. பாட்டி பஞ்சாங்கம் படிக்க பூதக்கண்ணாடியை பேப்பருக்கு மேல தூக்கி இறக்கி ஒரு இடத்துல நிறுத்துவாங்க இல்ல, அதே வேலைதான், இங்க பேப்பருக்கு பதிலா கம்பி. அந்த பூதக்கண்ணாடியை எவ்ளோ தூரத்துல நிறுத்தணும்ங்கிறது படிக்கிற ஆளோட கண்ணைப் பொறுத்தது. பாட்டிக்கு ஒரு உயரம், பேரனுக்கு ஒரு உயரம். அதனாலதான் ஐபீஸ்ல திருகுற வளையம் இருக்கு. இது டார்கெட்டை தெளிவாக்குற வளையம் இல்ல, கம்பியை தெளிவாக்குற வளையம். இந்த ஒரு வரி மனசுல நின்னுட்டா பாதி குழப்பம் போயிடும்.

இந்த கம்பி ஐடியாவுக்கு ஒரு அழகான கதை உண்டு, சொல்லாம போக மனசில்ல. கலிலியோ வானத்தைப் பாத்த டெலஸ்கோப்புல ஐபீஸ் குழி லென்ஸ், அதுல குழாய்க்குள்ள பிம்பம் விழுற இடமே கிடையாது, அதனால கம்பி வெக்க வழியில்ல. 1611ல கெப்ளர் ரெண்டு பக்கமும் குவி லென்ஸ் வெச்ச டெலஸ்கோப்பை விளக்கி எழுதினார், அதுல பிம்பம் உள்ளே விழும். 1630கள் கடைசியில இங்கிலாந்துல யார்க்‌ஷயர் பக்கம் இருந்த வில்லியம் கேஸ்காயின், திறந்து கிடந்த தன்னோட டெலஸ்கோப்புக்குள்ள சிலந்தி ஒண்ணு நூல் கட்டியிருந்ததையும், அந்த நூல் பிம்பத்தோட சேர்ந்து பளிச்சுனு தெரிஞ்சதையும் பாத்திருக்கார். நூல் சரியா பிம்பம் விழுற இடத்துல இருந்ததாலதான் ரெண்டும் ஒண்ணா தெரிஞ்சது. இன்னைக்கு நம்ம ஸ்கோப்புல இருக்கிற கிராஸோட மூதாதை அந்த சிலந்தி நூல்தான். பாவம், கேஸ்காயின் 1644ல மார்ஸ்டன் மூர் சண்டையில செத்துப்போயிட்டார், முப்பது வயசு தாண்டி கொஞ்ச வருஷம்தான்.

இப்ப கண்ணுக்கு வருவோம். நம்ம கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் தானா தடிச்சு மெலிஞ்சு ஃபோகஸ் மாத்திக்கும், தூரத்து மரத்தைப் பாத்துட்டு கையில இருக்கிற போனைப் பாத்தா ஒரு செகண்டுக்குள்ள போன் தெளிவாயிடும், நமக்கு அது நடந்ததே தெரியாது. இந்த சக்தியை டயாப்டர்ங்கிற அளவுல சொல்லுவாங்க, கண்ணாடி சீட்டுல பவர்னு எழுதுறாங்களே அதே அளவுதான். ஃபெர்டினாண்ட் மோனோயேங்கிற பிரெஞ்சு கண் டாக்டர் 1872ல வெச்ச பேரு. ஒரு மீட்டர் தூரத்துல இருக்கிற பொருளைப் பாக்க கண்ணு 1 டயாப்டர் உழைக்கணும், அரை மீட்டர்னா 2, முடிவில்லாத தூரம்னா பூஜ்யம், அதாவது முழு ரெஸ்ட். பத்து வயசு குழந்தைக்கு சுமாரா 14 டயாப்டர் வரைக்கும் இந்த சக்தி இருக்கும். நாப்பது வயசுல நாலு அஞ்சுக்கு இறங்கிடும். அறுபதுல ஒண்ணு இருந்தா பெருசு. வெள்ளெழுத்துன்னு நாம சொல்றது இதைத்தான், கண்ணு கெட்டுப்போகல, லென்ஸ் விறைச்சுப்போச்சு.

அன்னைக்கு நடந்தது இப்ப புரியும். ஐபீஸ் வளையம் உள்ள தள்ளி இருந்ததால கம்பி, கண்ணுக்கு அரை மீட்டர் பக்கத்துல இருக்கிற பொருள் மாதிரி தெரிய ஆரம்பிச்சிருக்கு. பையனோட கண்ணு ஒரு செகண்டுக்குள்ள 2 டயாப்டர் உழைச்சு அதைப் பிடிச்சுக்கிச்சு, அவனுக்கு பளிச்சுனு தெரிஞ்சது. அண்ணாவோட லென்ஸால அந்த அளவு உழைக்க முடியல, அதனால மங்கலாவே நின்னுது. உழைக்க முடியாத கண்ணு, செட்டிங் தப்புன்னு அப்படியே காட்டிக்கொடுத்துடுது. பையன் சொன்ன இன்னொரு விஷயத்தை அப்ப யாரும் கவனிக்கல, முக்கால் மணி நேரத்துக்கு மேல சுட்டா புருவத்துக்கு மேல வலிக்குது, கண்ணுல தண்ணி வருது, கடைசி டார்கெட்டுகள்ல பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) பரவுதுன்னு அவன் முன்னாடியே சொல்லிட்டு இருந்தான். சின்ன வயசு கண்ணு கடன் வாங்கி தெளிவு காட்டும், கொஞ்ச நேரம் கழிச்சு கடனைத் திருப்பிக் கேக்கும்.

சரி, எப்படி செட் பண்றது. முதல்ல ரைஃபிள்ல பெல்லட்டோ தோட்டாவோ இல்லைன்னு ரெண்டு தடவை பாத்துக்கங்க, முடிஞ்சா ஸ்கோப்பை கழட்டி கையில வெச்சு பண்ணுங்க, அதுதான் நிம்மதி. ஸ்கோப்பை வெறும் வானத்துப் பக்கம் இல்ல ஒரு வெள்ளைச் சுவர் பக்கம் காட்டணும். வானம்னா சூரியன் இருக்கிற திசைக்கு முதுகைக் காட்டி நில்லுங்க, ஸ்கோப் வழியா சூரியனை ஒரு கணம் பாத்தாலும் விழித்திரை வெந்துடும், அது திரும்ப வராது. ஏன் வெறும் வானம்னா, கண்ணுக்கு பிடிச்சுக்க வேற பொருள் எதுவும் இருக்கக்கூடாது. நிறைய பேர் 25 மீட்டர் டார்கெட்டைப் பாத்துக்கிட்டே ஐபீஸை திருகுறாங்க, அப்ப கண்ணு டார்கெட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல ஏதோ ஒரு இடத்துல சமாதானம் பண்ணிக்கும், நீங்க செட் பண்ணது அந்த சமாதானத்தைத்தான். சைடு ஃபோகஸ் (டார்கெட்டை தெளிவாக்க ஸ்கோப்போட பக்கத்துல இருக்கிற திருகு) இருந்தா அதை கடைசி வரைக்கும் திருகி வெச்சு பின்னாடி இருக்கிறது எல்லாம் மங்கலாவே இருக்கட்டும். ஜூம் இருந்தா மேல ஏத்தி வெச்சுக்கங்க, முக்கியமா ஜூமோட சேர்ந்து கம்பியும் பெருசாகுற வகை ஸ்கோப்புல, கம்பி ஜூமைக் குறைச்சா முடி மாதிரி ஆயிடும், அதுல தெளிவை மதிப்பிடவே முடியாது.

இப்ப வளையத்தை கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமா, அதாவது ஐபீஸ் உங்களைப் பாத்து வெளிய வர்ற மாதிரி, கம்பி நல்லா மங்குற வரைக்கும் திருகுங்க. இந்த வெளிப்பக்கம் ரொம்ப முக்கியம், ஏன்னு யாரும் சொல்லித்தர மாட்டேங்கிறாங்க, அதனால நான் சொல்றேன். ஐபீஸ் வெளிய போனா கம்பியில இருந்து வர்ற வெளிச்சம் குவிஞ்சு வருது, அது முடிவில்லாத தூரத்தையும் தாண்டின ஒரு நிலைமை. கண்ணு அங்க உழைச்சா இன்னும் மங்கலாகும், தெளிவாகாது. அதனால கண்ணுக்கு உழைக்கிறதுல லாபமே இல்ல, வேற வழியில்லாம ரெஸ்ட் எடுத்துக்கும். கண் டாக்டர்கிட்ட பவர் பாக்கும்போது முதல்ல ஒரு பிளஸ் லென்ஸ் போட்டு வேணும்னே மங்கலாக்கிட்டு அப்புறம் படிப்படியா இறக்குவாங்க இல்ல, அதே தந்திரம்தான் இது. உள்பக்கத்துல இருந்து ஆரம்பிச்சா நிலைமை தலைகீழ், கண்ணு உழைச்சு உழைச்சு எல்லா இடத்துலயும் தெளிவுன்னு சொல்லிட்டே வரும்.

வெளிய மங்கலாக்கினதுக்கு அப்புறம் கண்ணை எடுத்து தூரத்துல இருக்கிற ஒரு தென்னை மரத்தையோ மலையையோ பத்து பதினஞ்சு செகண்ட் சும்மா பாருங்க. அப்புறம் ஸ்கோப்புக்குள்ள ஒரே ஒரு பார்வை, ஒரு செகண்டுக்கு மேல வேண்டாம், கம்பி எப்படி இருந்ததுன்னு மனசுல வாங்கிட்டு கண்ணை எடுத்துடுங்க. மங்கலா இருந்தா, ஸ்கோப்புக்குள்ள பாக்காம வளையத்தை கொஞ்சம் உள்ள திருகுங்க. வேகமா திருகுற வகைன்னா ஒரு துளி போதும், பின்னாடி லாக் ரிங் வெச்சு முழு ஐபீஸும் சுத்துற பழைய வகைன்னா முழு ஒரு சுத்து கூட சுத்தலாம், அதோட மரை ரொம்ப நுணுக்கமானது. திரும்ப தூரம் பாக்கணும், திரும்ப ஒரு பார்வை. உள்ள பாத்துக்கிட்டே திருகவே கூடாது, அந்த ஒரு தப்பைத்தான் எல்லாரும் பண்றாங்க, பாத்துக்கிட்டே திருகினா வளையமும் கண்ணும் ஒண்ணையொண்ணு துரத்திக்கிட்டே இருக்கும். எந்த இடத்துல கண்ணை வெச்ச அந்த கணமே கம்பி கருப்பா, ஓரம் வெட்டின மாதிரி தெரியுதோ அங்க நிறுத்துங்க. "முதல்ல மங்கலா இருந்து அப்புறம் தெளிவாச்சு"ன்னு தோணினா அது இன்னும் சரியில்ல, அந்த அப்புறம்ங்கிற நேரத்துலதான் கண்ணு உழைச்சிருக்கு.

அங்கயே இன்னும் உள்ள திருகினாலும் சின்ன வயசுக்காரங்களுக்கு ரொம்ப நேரம் தெளிவாவே தெரியும். ரெண்டு எல்லைக்கும் நடுவுல வெச்சா பாதுகாப்புன்னு சிலர் சொல்றாங்க, அது தப்பு. வெளிய இருந்து வரும்போது கிடைக்கிற முதல் தெளிவுதான் உங்க கண்ணோட ரெஸ்ட் நிலை. நான் இதை மூணு தடவை, முடிஞ்சா வேற வேற நாள்ல பண்ணுவேன், ஒவ்வொரு தடவையும் வளையத்து மேல ஒட்டின சின்ன டேப்புல பென்சில் கோடு போடுவேன், மூணுல எது ரொம்ப வெளிய இருக்கோ அதுதான் என்னோட இடம், அங்க வீட்டுல இருந்து எடுத்துட்டு வந்த சிவப்பு நெயில் பாலிஷ்ல வளையத்துலயும் குழாய்லயும் நேருக்கு நேரா ஒவ்வொரு புள்ளி. ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் முன்னும் பின்னும் ரெண்டு பக்கமும் உதைக்கும், அந்த உதையில வளையம் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்தா புள்ளி காட்டிக்கொடுத்துடும். துடைக்கும்போது தெரியாம திருகிட்டாலும் அப்படித்தான்.

எவ்ளோ நகர்ந்தா எவ்ளோ மாறும்னு ஒரு கணக்கு. ஐபீஸோட குவிய தூரம் 40 மில்லிமீட்டர்னு வெச்சுக்குவோம், அப்ப ஐபீஸ் 1.6 மில்லிமீட்டர் நகர்ந்தா 1 டயாப்டர். அவ்ளோ சின்ன நகர்வுக்குள்ளயே கண்ணாடிக் கடையில ஒரு முழு பவர் மாறிடுது. பெரும்பாலான ஸ்கோப்புல ரெண்டு பக்கமும் 2 டயாப்டருக்கு பக்கத்துல இடம் கொடுத்திருப்பாங்க. அதனால மைனஸ் 4, மைனஸ் 5 பவர் இருக்கிறவங்க கண்ணாடியை கழட்டிட்டு ஸ்கோப்பாலயே சமாளிக்கலாம்னு நினைக்க வேண்டாம், வளையம் முட்டிக்கும் ஆனா கம்பி தெளிவாகாது. சுடும்போது கண்ணாடி போடுவீங்கன்னா கண்ணாடி போட்டே செட் பண்ணுங்க, கழட்டிட்டு சுடுவீங்கன்னா கழட்டிட்டு.

கண்ணாடி விஷயத்துல ரெண்டு பேருக்கு தனியா சொல்லணும். ஒண்ணு, சிலிண்டர் பவர் இருக்கிறவங்க, அதாவது கண்ணோட பவர் ஒரு திசையில ஒரு மாதிரியும் இன்னொரு திசையில வேற மாதிரியும் இருக்கிறவங்க. அந்த கோளாறை ஐபீஸ் வளையம் சரி பண்ணவே பண்ணாது, அது எல்லாத் திசையிலயும் ஒரே மாதிரி பவர் மாத்துற வளையம். கிராஸ்ல நெடுக்குக் கம்பி தெளிவா இருக்கும்போது படுக்கைக் கம்பி மங்கலும், படுக்கையை சரி பண்ணா நெடுக்கு மங்கலும்னு மாறி மாறி வந்தா, திருகிட்டு இருக்காதீங்க, கண் டாக்டர்கிட்ட போங்க, கிராஸே உங்களுக்கு ஒரு டெஸ்ட் பண்ணிக் கொடுத்துடுச்சு. ரெட் டாட் சைட்டுல (கம்பிக்கு பதிலா சிவப்புப் புள்ளி தெரியுற சைட்டு) புள்ளி வட்டமா இல்லாம வால் முளைச்சு தெரியுறதும் பெரும்பாலும் இதேதான், போன் கேமராவை அதுல வெச்சு பாத்து போன்ல வட்டமா தெரிஞ்சா சைட்டு நல்லா இருக்கு. இன்னொண்ணு, புரோகிரஸிவ் கண்ணாடி, அதாவது மேல தூரத்துக்கும் கீழ படிக்கவும்னு ஒரே கண்ணாடியில பவர் மாறிட்டே வர்ற வகை. கன்னத்தை கட்டையில சாய்ச்சா நாம கண்ணாடியோட மேல்மூலை வழியா பாப்போம், அந்த மூலையில பவரும் கோணமும் நடுவுல இருக்கிற மாதிரி இருக்காது, தலையை கொஞ்சம் அசைச்சாலும் கம்பி நீந்தும். தூரத்துக்கு மட்டும் ஒரே பவர்ல ஒரு சாதா கண்ணாடி தனியா வெச்சுக்கிறது நல்லது. வெள்ளெழுத்து வந்தவங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஸ்கோப் இல்லாத திறந்த சைட்டுல பின் சைட்டு, முன் சைட்டு, டார்கெட்டுன்னு மூணு தூரம், விறைச்ச லென்ஸால மூணையும் பிடிக்க முடியாது. ஸ்கோப்புல எல்லாம் ஒரே தூரம், ஐபீஸ் சரியா இருந்தா கம்பியும் டார்கெட்டும் ரெண்டுமே முடிவில்லாத தூரத்துல இருக்கிற மாதிரி வரும். படிக்கிற கண்ணாடியே தேவையில்ல. (நம்ம கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக்ஸ்ல சுட்ட 10 மீட்டர் ஏர் ரைஃபிள்ல ஸ்கோப்புக்கு அனுமதியே இல்ல, அங்க பின் சைட்டுல ஒரு குட்டி ஓட்டை, அந்த ஓட்டை சின்னதா இருக்கிறதாலயே பக்கமும் தூரமும் ஓரளவு சேர்ந்து தெளிவா தெரியும். அது வேற வழி.)

இவ்ளோ மெனக்கெடணுமா, கம்பி சுமாரா தெரிஞ்சா சுட முடியாதான்னு கேப்பாங்க. சுடலாம். ஆனா இது பாரலாக்ஸ்ல போய் கடிக்கும். டார்கெட்டோட பிம்பம் கம்பி இருக்கிற இடத்துலயே விழாம கொஞ்சம் முன்னாடியோ பின்னாடியோ விழுந்தா, தலையை லேசா அசைச்சாலே கிராஸ் டார்கெட் மேல நகரும், ரைஃபிள் ஆடவே இல்லைன்னாலும். பஸ் ஜன்னல் கம்பியில ஒரு மரத்தை சேர்த்து வெச்சு தலையை அசைச்சா கம்பி மரத்து மேல நகருமே, அதேதான். 40 மில்லிமீட்டர் முன் லென்ஸ், 100 கஜத்துக்கு பாரலாக்ஸ் செட் பண்ணின ஸ்கோப்பை ஏர் ரைஃபிள் மேல மாட்டி 20 மீட்டர்ல சுட்டா, கண்ணு ஓரம் வரைக்கும் நகர்ந்தா ஒரு பக்கத்துக்கு சுமார் 15 மில்லிமீட்டர் வரைக்கும் தப்பு வரலாம். அதை சரி பண்ணத்தான் சைடு ஃபோகஸ் இருக்கு, பிம்பத்தை நகர்த்தி கம்பி மேல உக்கார வைக்கிறது அதோட வேலை. நாம என்ன பண்றோம், டார்கெட் தெளிவா தெரியுற வரைக்கும் சைடு ஃபோகஸை திருகுறோம். கண்ணு ரெஸ்ட்ல இருக்கும்போது கம்பி தெளிவுன்னா, டார்கெட் தெளிவான அதே இடத்துல ரெண்டும் ஒண்ணா சேர்ந்துடும். ஐபீஸ் தப்பா இருந்தா கண்ணு ஒரு நிமிஷம் கம்பிக்கு உழைக்கும், அடுத்த நிமிஷம் ரெஸ்டுக்கு போகும், நீங்க டார்கெட்டை தெளிவாக்கின அந்த நிமிஷத்துல கண்ணு எங்க இருந்ததோ அங்க பிம்பம் விழும், கம்பி மேல விழாது. அப்புறம் சைடு ஃபோகஸ் நம்பர் தப்பா எழுதியிருக்கான்னு கம்பெனியை திட்டுவாங்க. அதனால ஐபீஸ் முதல்ல, சைடு ஃபோகஸ் அப்புறம், தலையை மேலயும் கீழயும் மெதுவா ஆட்டி கிராஸ் நகரலைன்னு பாக்குறது கடைசி.

இந்த ஐபீஸ் தப்பு ரொம்ப பாடுபடுத்துற இடம் ஃபீல்டு டார்கெட்டுங்கிற ஏர் ரைஃபிள் போட்டி. 1980கள்ல இங்கிலாந்துல வளர்ந்த விளையாட்டு, 8 கஜத்துல இருந்து 55 கஜம் வரைக்கும் புல்லுலயும் புதர்லயும் நிக்கிற இரும்பு டார்கெட்டுகள், அதுல 15ல இருந்து 40 மில்லிமீட்டர் வட்டத்துல பெல்லட் படணும், தூரம் எவ்ளோன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, லேசர் கருவி கூடாது. அவங்க தூரத்தை அளக்குறதே சைடு ஃபோகஸ்லதான், ஸ்கோப் பக்கத்துல சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒரு பெரிய சக்கரம் மாட்டி, ஓரத்துல கஜக் கணக்கை ஒட்டி வெச்சிருப்பாங்க, டார்கெட் தெளிவாகுற இடத்துல சக்கரம் காட்டுற நம்பர்தான் தூரம். இங்க கண்ணு ஒரு துளி உழைச்சாலும் நம்பர் மாறிடும். 45 கஜத்தை 50ன்னு படிச்சா, அவங்க சுடுற 12 அடி-பவுண்டு (பெல்லட்டோட சக்தியை சொல்ற அளவு) ரைஃபிள்ல பெல்லட் கிட்டத்தட்ட ஒரு இன்ச் இடம் மாறும், வட்டம் போச்சு. அதனால அவங்க சக்கரத்துல நம்பர் ஒட்டுறதுக்கு முன்னாடியே ஐபீஸை பூட்டிடுவாங்க, அப்புறம் ஐபீஸ் மாறினா மொத்த சக்கரத்தையும் புதுசா அளந்து ஒட்டணும்.

வெளிச்சம் குறையும்போது இன்னொரு தடவை பாத்துக்கங்க. நல்ல வெயில்ல நம்ம கண்மணி ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான் திறந்திருக்கும், சின்ன ஓட்டை சின்ன தப்புகளை மறைச்சுடும். சாயங்காலம் அது அகலமாகும், மதியம் மறைஞ்சிருந்த அரை டயாப்டர் தப்பு அப்ப வெளிய தெரியும், அதோட இருட்டுல நிறைய பேருக்கு கண்ணு தானாவே கொஞ்சம் கிட்டப்பார்வை பக்கம் சாயும். ஐரோப்பாவுல அந்தி வெளிச்சத்துல வேட்டைக்குப் போறவங்க 56 மில்லிமீட்டர் லென்ஸ் ஸ்கோப்போட போய் கம்பி மங்குதுன்னு சொல்றதுல இதுவும் ஒரு காரணம்.

ஒரு தடவை செட் பண்ணா வாழ்நாள் முழுக்க போதும்னு இல்ல. புது கண்ணாடி வாங்கினா திரும்ப பண்ணணும். சுகர் இருக்கிறவங்களுக்கு ரத்தத்துல சுகர் ஏறி இறங்கும்போது பார்வை பவரும் கூடவே மாறும், ஒரு நாள் நல்லா இருந்த கம்பி மறு வாரம் மங்கினா வளையத்தை திருகுறதுக்கு முன்னாடி சுகரைப் பாருங்க. கண்புரை ஆபரேஷன் பண்ணி ஒரே தூரத்துக்கான லென்ஸ் வெச்சவங்களுக்கு கண்ணால ஃபோகஸ் மாத்தவே முடியாது, அவங்க பழைய நெயில் பாலிஷ் புள்ளியை அழிச்சுட்டு புதுசா ஆரம்பிக்கணும், ஆனா அவங்களுக்கு இந்த வேலை ரொம்ப சுலபம், வளையம் சரியான இடத்துக்கு வந்தா தெரியும், தாண்டினா உடனே மங்கும், கண்ணு நடுவுல புகுந்து ஏமாத்தாது.

அன்னைக்கு அந்த ரைஃபிளை பையனையே செட் பண்ண சொன்னோம். வெளிய திருகி, தூரத்துல தெரிஞ்ச மருதமலையைப் பாத்து, ஒரு பார்வை, திரும்ப மலை, திரும்ப ஒரு பார்வைன்னு பத்து நிமிஷம் ஆச்சு. முன்னாடி இருந்த இடத்துல இருந்து வளையம் அரை சுத்துக்கு மேல வெளிய வந்து நின்னுது. அப்புறம் ரைஃபிளை அப்படியே அண்ணாகிட்ட கொடுத்தான், அவர் தூரக் கண்ணாடியோட கன்னத்தை வெச்சார், வளையத்தை தொடவே இல்ல. "இப்ப இருக்குது தம்பி கம்பி"ன்னு சொல்லிட்டு பெல்லட் டப்பாவை கேட்டார்.